கார்டின் கடைசி வரி

தம்பி,

உன் கல்யாணக் கார்டை அச்சடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு எட்டு நாளில் பதினொரு தடவை "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டாய். "எப்படி இருக்கும்மா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தான் வரைந்த எழுத்தைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டால் நாலு நாளைக்குச் சோறு வேண்டாம் என்றிருக்கிற பிள்ளை நீ. அப்படிப்பட்டவன் அம்மாவின் வாயிலிருந்து ஒன்றும் வரவேண்டாம் என்று இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். போனில் கேட்கலாம் என்றால், நான் ஆரம்பிக்கும்போதே "அம்மா, சும்மா சும்மா சந்தேகப்படாதீங்க" என்று கதையை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. யாழினியும் படிக்கட்டும், அவள் வீட்டாரும் படிக்கட்டும், நான் ஒளித்து எழுதவில்லை. எப்படிப்பட்ட மாமியார் வாய்க்கப்போகிறாள் என்று அந்தப் பிள்ளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

உன் அப்பாவுக்குச் சந்தேகம் என்பதே வராது. பசறை ரோட்டில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். வளைவில் எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான் என்று நம்பியே ஓட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். ஆகவே இந்த வீட்டுக்கு வேண்டிய சந்தேகம் மொத்தத்தையும் நான் ஒருத்தியே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அது குணமும்தான், தொழிலும்தான். பதுளை டவுனில் ஹாஜியாரின் அச்சகத்துக்குப் பத்தொன்பது வயதில் எழுத்துக் கோர்க்கப் போனவள் நான். அவர் கண்ணை மூடுமுன் அதை என்னிடமே நடத்தத் தந்துவிட்டுப் போனார். ப்ரூஃப் படிக்க உட்கார வைத்த முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மகள், தப்பில்லண்டு நெனச்சிப் படிச்சா தப்பு கண்ணுல படாது. தப்பு ஈக்கிண்டு நெனச்சிப் படிங்க." காகிதத்துக்கு அவர் சொன்னதை நான் மனுஷருக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். அதனால் பட்ட நன்மையும் உண்டு, பட்ட வெட்கமும் உண்டு. ரெண்டையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ முதலில் பூட்டிய கோப்பாக, பிடிஎஃப் ஆகத்தான் அனுப்பினாய். திறந்து வேலை செய்கிற கோப்பும் எழுத்துருக்களும் வேண்டும் என்று நான் கேட்டேன். பூட்டின பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. ரெண்டு நாள் இழுத்தடித்தாய். பிறகு அனுப்பிவிட்டுக் கூடவே ஒரு குரல் செய்தியும் போட்டாய். "அம்மா, எதையும் மாத்தாதீங்க. எழுத்தையும் மாத்தாதீங்க, அளவையும் மாத்தாதீங்க. முக்கியமா கீழ இருக்கிற வரிய தொடவே தொடாதீங்க." திருடன் போகிற போக்கில் எந்த அலமாரியைத் திரும்பிப் பார்க்கிறானோ அதில்தான் நகை இருக்கும். நேரே கீழ் வரிக்குத்தான் போனேன்.

மேலே உங்கள் ரெண்டு பேர் பெயரும் பெரிதாக நின்றன. நீ ரெண்டு வருஷமாக வரைந்த எழுத்து. நிற்கிற கோடெல்லாம் கதவு நிலை மாதிரி தடிப்பு, வளைகிற கோடும் படுக்கிற கோடும் தலைமயிர் மெல்லிசு, கோடு முடிகிற இடத்தில் ஊசி முனையளவு ஒரு பாதம். ஆங்கிலத்துக்கு அந்த உடுப்பு எத்தனையோ காலப் பழக்கம். தமிழுக்கு நீயே அளவெடுத்துத் தைத்திருக்கிறாய். அழகு இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். யாழினியின் 'ழி'யைப் பார்த்தேன். உள்ளே போய் வெளியே வருகிற அந்தச் சுழியை எத்தனை நாள் அழித்து அழித்து வரைந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைமேல் உனக்கு இருக்கிற பிரியத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். நடுவில் யாழினி வீட்டாரின் கொழும்பு வெள்ளவத்தை முகவரி, படிக்கிற அளவில். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்துபோன மாதிரி ஒரு வரி: மேற்பிரிவு, கருங்கல்மேடு தோட்டம், நமுனுகுல. நானும் உன் அப்பாவும் பிறந்த இடம். ஐந்து வயது வரை நீ சேற்றில் புரண்ட லயம், அந்த வரிசை வீடுகள்.

அந்த மெல்லிய எழுத்து சின்ன அளவில் நிற்காது. அச்சு வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதுவும் நீ கேட்டிருந்த அந்தச் சொரசொரப்பான தந்தநிறக் காகிதத்தில் அடித்தால் மயிர்க்கோடெல்லாம் உதிர்ந்து, 'தோட்டம்' புள்ளி புள்ளியாகிவிடும். இது உனக்குத் தெரியாதா? எழுத்து வரைவதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு? தெரிந்தேதான் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். அடியோடு எடுத்துவிட்டால் அம்மா கேட்பாள். பெரிதாகப் போட்டால் மாமனார் வீட்டுச் சனம் படிக்கும். ஆகவே போட்ட மாதிரியும் இருக்க வேண்டும், போடாத மாதிரியும் இருக்க வேண்டும். பழியை இயந்திரத்தின் தலையிலும் என் தலையிலும் போட்டுவிடலாம். பிள்ளை கொழும்புக்குப் போய் நன்றாகத்தான் படித்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உன்மேல் மட்டும் சந்தேகப்பட்டேன் என்று நினைக்காதே. யாழினியின் அம்மா போன் எடுத்திருந்தார். "கார்ட் நல்ல வடிவா வரவேணும், என்ன. எங்கட ஆக்கள் கனபேர் வெளியில இருந்து வருகினம்." குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போனை வைத்த பிறகு 'எங்கட ஆக்கள்' என்ற வார்த்தையை நான் ஒரு பகல் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எங்கட என்றால் நாங்களும் சேர்த்தியா, இல்லை நாங்கள் வேறா? வடிவு என்றால் எழுத்து மட்டுமா, கீழ் வரியும் சேர்த்தியா? உன் அப்பாவிடம் கேட்டேன். "வடிவா இருக்கணும்னா வடிவா இருக்கணும்னுதான் அர்த்தம்" என்றார். இவரிடம் கேட்டது என் தப்பு.

அந்த எழுத்துமேல் எனக்கிருந்த கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத்துத் துரையின் பழைய பங்களாவை ஹோட்டலாக்கினார்களே, அவர்களுக்காகத்தானே முதன்முதலில் அதை வரைந்தாய். திறந்து கொஞ்ச நாளில் எங்களைக் கூட்டிப்போனாய். வாசல் பலகையில், துவாயில், சோப்பு உறையில், தேயிலைப் பெட்டியில், எங்கே பார்த்தாலும் உன் எழுத்து. மெனுவை உன் அப்பா தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு "நீயே பாத்து சொல்லுப்பா" என்று உன்னிடமே தந்துவிட்டார். நான் விடாமல் படித்தேன். காலையில் மலைக்கு வேலைக்குப் போகுமுன் நாங்கள் அவசரமாகத் தட்டி, சம்பலோடு விழுங்கிய அதே ரொட்டிக்கு நாலு வரி வர்ணனை. விலை மட்டும் இருப்பதிலேயே மெல்லிய எழுத்தில், வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றது. பரிமாற வந்த பெண் உன்னிடம் இங்கிலீஷில் பேசினாள். என் காதருகே குனிந்து, "அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நான் "பதுளை டவுன்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஆள் நோட்டீஸ் அடிக்க வந்தார். தாதியர் பயிற்சி நிலையமாம், படித்து முடித்ததும் வெளிநாடாம். "பாத்த ஒடனே பெரிய கம்பனின்னு தெரியணும் மெடம்" என்றார். கணினியில் இருந்ததிலேயே தடிப்பும் மெல்லிசுமான அழகான இங்கிலீஷ் எழுத்தை நானே தேடி எடுத்து, நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு அடித்துக் கொடுத்தேன். வேலை நேர்த்தியைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. சில மாதத்தில் அந்த இடத்தில் பூட்டுத் தொங்கியது. பசறையிலிருந்து ஒரு பெண் நோட்டீஸோடு என்னைத் தேடி வந்துவிட்டாள். "அக்கா, இத பாத்துத்தான் சேந்தேன். இவ்ளோ அழகா அடிச்சிருந்திச்சே." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழகாக இருந்தது என்றாள். அன்றிலிருந்து எழுத்து எவ்வளவுக்கு நன்றாக உடுத்தி வருகிறதோ அவ்வளவுக்கு நான் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பேன்.

இப்போது வெட்கப்படுகிற கதை. உன்னைச் சந்தேகப்பட எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? பாம்பின் கால் பாம்பறியும். அதே திருட்டை நான் செய்திருக்கிறேன். எங்கள் காலத்தில் தோட்டத்துக்குக் கடிதம் வந்தால் ஆபிசுக்குத்தான் வரும். அங்கே யார் மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்கான அழைப்பு, போக வேண்டிய நாள் தாண்டிய பிறகு கையில் கிடைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால் நாலு எழுத்துப் படித்தவர்கள் டவுனில் தெரிந்த கடை விலாசத்தைப் போட்டுத்தான் விண்ணப்பம் எழுதுவோம். ஹாஜியாரின் அச்சகத்துக்கு நமுனுகுலப் பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேருக்காவது கடிதம் வரும். அந்த மனிதர் ஒருவரையும் வேண்டாம் என்றதில்லை, பெயர் வாரியாகப் பிரித்து மேசையில் வைத்திருப்பார். அந்த விலாசத்தை எழுதி எழுதி, ஒரு கட்டத்தில் அதுதான் என் விலாசம் என்று எனக்கே தோன்றிவிட்டது. அவசரத்துக்குப் போட்ட சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை.

எனக்கும் உன் அப்பாவுக்கும் கல்யாணம் முடிவானபோது ஹாஜியாரிடம் புதிதாக ஒரு பெட்டி ஈய எழுத்து வந்திருந்தது. தடிப்பும் மெல்லிசும் கலந்த தமிழ் எழுத்து, பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு மட்டும் எடுப்பது. "மகள்ட கலியாணத்துக்கு அந்தப் பொட்டியவே எடுங்க" என்றார். நானே கோர்த்தேன். நம் சனத்தின் கார்டில் தோட்டமும் பிரிவும் இல்லாமல் இருக்காது. ஒரே பெயரில் ஒரே தோட்டத்தில் ஆறு பேர் இருக்கிற இடம், எந்தப் பிரிவு என்று போட்டால்தான் ஆள் பிடிபடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே, அந்த இடத்தில் அச்சகத்துத் தெருவைப் போட்டேன். கார்டை வாங்கிப்போக உன் தாத்தா வந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போனவர். எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டு, "நம்ம தோட்டம் எங்கம்மா?" என்றார். நான் சட்டென்று, "எழுத்து பத்தலப்பா. அந்தப் பொட்டில அவ்ளோதான் இருந்திச்சு" என்றேன். "அப்படியா" என்று கார்டுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பெட்டியில் எழுத்து நிறையக் கிடந்தது தம்பி. அந்தப் பெயரை நாலு தடவை கோர்க்கலாம்.

மறுநாள் காலை, எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்தில் அவர் வெற்றிலை பாக்கோடு கார்டு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். "இது யாரு வீட்டுக் கல்யாணம்? டவுன்காரங்க வீடா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கொடுத்ததையும் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வார லீவில் நான் போனபோது நூற்றைம்பது கார்டிலும் அடியில் நீல போல்பொயின்ட் பேனாவால் மேற்பிரிவு, கருங்கல்மேடு தோட்டம், நமுனுகுல என்று எழுதி முடித்து, காயட்டும் என்று பாயில் பரப்பி வைத்திருந்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் பார்த்தது. நான் கத்தினேன். "என் கார்ட நாசமாக்கிட்டீங்களே! கோழி கிண்டுன மாதிரி எழுதி வச்சிருக்கீங்களே!" அவருக்கு விளங்கவில்லை. "பொட்டில எழுத்து பத்தலன்னியேம்மா. அதான் கையால போட்டேன். ஆளு வெளங்கணும்ல" என்றார். என் பொய்யை அவர் அவ்வளவு நம்பியிருந்தார். பரப்பியிருந்த அத்தனையையும் வாரி அடுப்பில் போட்டுவிட்டு, தோட்டத்துப் பெயர் இல்லாமலே புதிதாக அறுபது அடித்துக்கொண்டு போனேன். அதையும் அவர்தான் வீடு வீடாகக் கொடுத்தார். கேட்டவர்களுக்கு வாயால் சொன்னாராம். நீ பள்ளிக்கூடம் போகுமுன் அவர் போய்விட்டார். நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று வரை இதை யாரிடமும் சொன்னதுமில்லை.

ஆகவே உன் கீழ் வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாதி உன்மேல் வந்தது, பாதி என்மேல் வந்தது. அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, நம்முடைய பழைய தடித்த எழுத்தில், யார் கண்ணிலும் படுகிற அளவில் போட்டுவிடுவது, உன்னைக் கேட்காமல் அடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதற்கு முன் நீ அனுப்பியது அனுப்பியபடியே ஒன்று அடித்துப் பார்த்தேன். உதிர்ந்துபோன வரியை உன் முன்னால் போட்டு, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா? லென்ஸை வைத்துப் பார்த்தால், உதிர வேண்டியது உதிரவில்லை. யாழினியின் 'ழி' சுழியில் ரெண்டு இடம் விட்டுப்போயிருந்தது. வெள்ளவத்தையின் 'ள'க்கள் கால் ஒடிந்து நின்றன. கீழே அந்த எறும்பு வரியில் ஒரு கோடு, ஒரு புள்ளி குறையவில்லை.

ஆறுதல் பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் கூடிற்று. கணினியில் போய்ப் பார்த்தேன். அந்த வரி வேறு எழுத்துருவில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மேலே இருப்பதன் தம்பி மாதிரி இருக்கும், அதே நுனிப் பாதம், அதே சாயல். ஆனால் கோடெல்லாம் ஒரே சீரான தடிப்பு, சுழிகள் அகலமாகத் திறந்திருந்தன, எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட. சின்ன அளவுக்கென்றே தனியாக வரைந்திருக்கிறான், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளவத்தை முகவரியையும் இதிலேயே போட்டுவிடலாம் என்று தட்டினேன். திரையில் வெறும் கட்டங்கள் வந்தன, நடுவில் ஓரிரு எழுத்து. யாழினி என்று தட்டினேன். கட்டம். உன் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர், எல்லாம் கட்டம். பதுளை என்று அடித்தேன். ஒரு 'ப' மட்டும் வந்து தனியே நின்றது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடியும் ஏற்றினேன். அதே கதை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மேற்பிரிவு, கருங்கல்மேடு தோட்டம், நமுனுகுல. இதற்கு வேண்டிய எழுத்துக்கு மேல் அதில் ஒரு எழுத்தும் இல்லை.

ஒரு வரிக்காக ஒருவன் எழுத்துரு செய்வானா? எந்தப் பைத்தியக்காரன் செய்வான்? வரியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். 'மே'யின் கொம்பு பின்னால் சாய்ந்திருந்தது. 'டு'வின் வால் தூண்டில் மாதிரி உள்ளே மடங்கியிருந்தது. 'ங்'கைப் பார்த்ததும் லென்ஸைத் திரைமேலேயே கொண்டுபோய் வைத்தேன். முதலில் ஒரு மூலையைக் கட்டி, பேனாவை எடுத்து, பிறகு வாலைக் கொண்டுவந்து ஒட்டுகிற 'ங்'கை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் எழுதி நான் பார்த்திருக்கிறேன். நீ சுத்தம் செய்திருக்கிறாய், நிமிர்த்தியிருக்கிறாய், நுனிக்குப் பாதம் வைத்திருக்கிறாய். ஆனாலும் அது என் அப்பாவின் கை. போல்பொயின்ட் பேனாவில் மெல்லிசு தடிப்பு ஏது? அதனால்தான் ஒன்றும் உதிரவில்லை.

அழுதேன். அதில் சந்தேகம் வேண்டாம். அழுது முடித்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. நான்தான் எல்லாக் கார்டையும் அடுப்பில் போட்டேனே, இவனுக்கு இது எங்கிருந்து கிடைத்தது? கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அப்பா செய்தி கேட்டுக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தம்பிக்கு நம்ம கல்யாணக் கார்டு எங்க இருந்து கெடச்சிச்சு?"

"எந்தக் கார்டு?"

"அப்பா பேனாவுல எழுதுன கார்டு."

கீரையை வைத்துவிட்டு எழுந்துபோய், தன் பழைய டிரைவிங் லைசன் உறையை எடுத்து வந்தார். அதற்குள் நாலாக மடித்து, மடிப்பெல்லாம் பஞ்சாகி, அந்தக் கார்டு இருந்தது. "எனக்கு மாமா குடுத்தாரு. மாப்பிள்ள வீட்டுக்கும் ஒன்னு இருக்கட்டும்னு மொதல்ல எழுதுனத எங்கிட்ட குடுத்துட்டாரு. நீ அடுப்புல போட்டது மிச்சத்தத்தான். போன வருஷம் தம்பி கேட்டான், போட்டோ புடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டான்."

"இத்தன வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

முப்பது வருஷம். எவன் எடையில் ஏமாற்றுகிறான், எந்த ஆள் கையெழுத்தை மாற்றிப் போடுகிறான் என்று ஊரையே துருவிப் பார்த்தவள், பசறை ரோட்டில் தினமும் சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டு போய்வந்த மனிதரை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. நீயும் அவரும் சேர்ந்து செய்திருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். சொல்லியிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன். அந்த ஹோட்டலில் நான் பதுளை டவுன் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் போய் நீ செய்த வேலை இது என்று இப்போது விளங்குகிறது. ஆனால் ஒன்று உனக்குத் தெரிந்திருக்க முடியாது. எழுத்து பத்தவில்லை என்று நான் அவரிடம் சொன்ன பொய் எனக்கும் அவருக்கும் நடுவில் மட்டும் இருந்தது. இன்றைக்கு நீ செய்து அனுப்பியிருக்கிற பெட்டியில் அந்தப் பெயருக்கு மட்டும்தான் எழுத்து இருக்கிறது. என்னை மன்னித்துவிடு. அவரிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கிறேன், வேறு வழியில்லை.

இனி அச்சுக்காரியாகச் சொல்வதைக் கேள். மேலே பெயர்களின் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கு, இல்லையென்றால் வழுவழுப்பான காகிதத்துக்கு மாறு. சம்பந்தி அம்மாள் கேட்டபடி வடிவாகவே வரும், அவர் வேறெதையும் கேட்கவில்லை என்று இப்போது நம்பிப் பார்க்கிறேன். வெள்ளவத்தைக்கும் கோடு உதிராத எழுத்து ஒன்று வரைந்து கொடு, அவர்கள் ஊரும் ஒருவருக்குப் பிறந்த ஊர்தான். அந்த மெல்லிய எழுத்து மேடையில் நிற்க, நாலு பேர் தூர இருந்து பார்க்கச் செய்தது, கல்யாணத்தன்றைக்குப் போதும். மறுநாள் காலையிலிருந்து யாழினியிடம் எதையும் மெல்லிய எழுத்தில் சொல்லாதே. பிடிக்கவில்லை என்றால் படிக்கிற அளவில் சொல். அவள்மேல் சந்தேகம் வந்தால் என்னை மாதிரி மனதுக்குள் ப்ரூஃப் படித்துக்கொண்டிருக்காமல் கேட்டுவிடு. கேட்டால் எடுத்துக் காட்டுகிறவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். இன்னொன்று, அந்தக் கீழ்வரி எழுத்தை பங்களாக்காரர்கள் கண்ணில் காட்டாதே. ரொட்டியை மெனுவில் போட்டவர்கள், என் அப்பாவின் கையையும் போட்டுவிடுவார்கள். இதை மட்டும் நான் சந்தேகப்படத்தான் செய்வேன்.

நீ திருத்தி அனுப்பி, அடித்து முடித்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கார்டுகளை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் தோட்டத்துக்குப் போகிறோம். இப்போதும் அங்கே நம் சனம் இருக்கிறது. மேல் லயத்திலிருந்து தொடங்கி, ஒரு வீடு விடாமல், வெற்றிலை பாக்கோடு. கிளம்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று பையில் ஒரு பேனா போட்டுக்கொள்ளட்டுமா என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "எதுக்கு? எல்லாந்தான் எழுதியிருக்கே" என்றார். பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

அம்மா,
மேற்பிரிவு,
கருங்கல்மேடு தோட்டம்,
நமுனுகுல.